இடப்பக்கத்துப் பிரேக்

ஜூன் 2, திங்கள்

ஓனர் செல்லமுத்து இந்த நோட்டைக் கொடுத்தார். பழைய வருகைப் பதிவேடு. பாதித் தாள் காலி. தேதி, மாணவர், பாடம், கையொப்பம் என்று நான்கு கட்டங்கள் அச்சடித்திருக்கின்றன. கோபம் வரும்போதெல்லாம் எழுத வேண்டுமாம். பத்துக்கு எவ்வளவு என்று மதிப்பெண்ணும் போட வேண்டும். போனில் யாரோ ஒரு டாக்டர் பேசியதைக் கேட்டிருக்கிறார்.

காரணம், ஒரு புகார். வங்கி அதிகாரி ஒருவர் ரவுண்டானாவில் ஒரே இடத்தில் பதினொரு முறை வண்டியை அணைத்தார். நான் சில வார்த்தைகள் சொன்னேன். பாடத்தை வீட்டில் திரும்பக் கேட்பதற்காக அவர் எல்லாவற்றையும் போனில் பதிவு செய்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

ஓனர் போட்டுக் காட்டினார். முதலில் அது யார் குரல் என்று தெரியவில்லை. யாரோ ஒருவன் யாரையோ கொல்லப் போகிறான் என்றுதான் நினைத்தேன். பிறகு "கிளட்ச்" என்ற சொல் வந்தது.

"இன்னொரு கம்ப்ளைன்ட் வந்துச்சுன்னா நானே பழக்கிக் குடுத்துக்கறனுங்க விசாகன். நீங்க ஊட்டுல உக்காந்து தத்துவம் படிங்க" என்றார். கோபத்திலும் மரியாதை குறையாதவர். இந்த ஊரே அப்படி. நான்தான் இந்த ஊருக்குப் பொருந்தவில்லை.

தத்துவத்தில் எம்.ஃபில். முடித்திருக்கிறேன். தாராபுரத்தில் நிதானம் என்ற டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டப் பழக்குகிறேன். இரண்டுக்கும் நடுவில் நடந்ததை எழுத இந்தக் கட்டம் போதாது.

கோபம்: 2. நோட்டின் மீது.

ஜூன் 3, செவ்வாய்

சோறு குழைந்துவிட்டது. மனைவி தாரணி அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். பிரசவத்துக்குத் தாய் வீடு போவது வழக்கம்தான். ஏழாம் மாதம் போவார்கள். இவள் ஐந்தாம் மாதமே போயிருக்கிறாள். கொஞ்சம் முன்னதாக. வேறொன்றுமில்லை.

இன்று ஒரு செய்தி அனுப்பினாள். "ஸ்கேன் ரிப்போர்ட் குடுத்து விடுங்க."

ரிப்போர்ட் இருக்கும் உறை என்னிடம்தான் இருக்கிறது. நாளை கொடுக்க வேண்டும்.

ஜூன் 4, புதன்

அம்மா திருப்பூரிலிருந்து, அண்ணன் வீட்டிலிருந்து கூப்பிட்டாள். கட்டுச்சோறு விருந்துக்கு நாள் குறித்தாயிற்று. ஜூலை 11, வெள்ளி. அதை விட்டால் ஆடி வந்துவிடும்.

ஏழாம் மாதத்தில் பெண்ணின் அம்மா ஏழெட்டு வகைச் சோறு கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்கு வருவார். ஒறம்பரைச் சொந்தத்துக்கெல்லாம் பரிமாறுவார். பிறகு மகளைத் தன்னோடு அழைத்துப் போவார். அதுதான் விருந்து. அழைத்துப் போக வேண்டுமென்றால் பெண் இங்கே இருக்க வேண்டும். ஏற்கெனவே அங்கே இருப்பவளை எப்படி அங்கே அழைத்துப் போவது?

அதாவது, போவதற்காக அவள் வர வேண்டும்.

அம்மாவுக்கு இது தெரியாது. "தாரணி பக்கத்துல இருக்குதா, போனக் குடு" என்றாள். குளிக்கிறாள் என்றேன். போன வாரமும் அதையேதான் சொல்லியிருந்தேன்.

வருவாளா என்று தாரணியிடம் கேட்டேன். "பாக்கலாம்" என்று பதில் வந்தது.

வீட்டை விட்டுப் போகும்போது அவள் சொன்னது: "நீங்க கத்தறது எனக்குப் பழகிருச்சுங்க. உள்ள இருக்கறதுக்குப் பழக வேண்டாம்."

இதை எழுத வேண்டாம் என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 6, வெள்ளி

மாமியார் வசந்தாமணி எல்.எல்.ஆர். வாங்கிக்கொண்டு டிரைவிங் ஸ்கூலுக்கு வந்தார். வயது ஐம்பத்து நான்கு. கார் ஓட்டப் பழக வேண்டுமாம். தோட்டத்து வீட்டில் மாமனாரின் கார் மூன்று வருடமாகத் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. அவர் இறந்த பிறகு யாரும் எடுக்கவில்லை. பிரசவ வலி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக ஆள் தேட முடியாது என்றார்.

நான் இருக்கிறேனே என்றேன்.

மாமியார் என்னிடம் நேராகப் பேசமாட்டார். திருமணமாகி இரண்டு வருடத்தில் என் எதிரில் உட்கார்ந்ததும் இல்லை. நான் கூடத்துக்கு வந்தால் அவர் அடுக்களைக்குப் போவார். அங்கிருந்து சுவரிடம், "மாப்பிள்ளை இன்னொரு தோசை வெச்சுக்குவாரா" என்று கேட்பார். மரியாதை. அந்தக் காலத்து மாமியார்கள் அப்படித்தான்.

இன்று ஓனரின் மேசைக் காலண்டரைப் பார்த்துச் சொன்னார். "மாப்பிள்ளை ஓட்டற வண்டில தாரணி ஏறமாட்டேங்குதுங்க."

ஓனர் என்னைப் பார்த்தார். பிறகு அவரும் காலண்டரைப் பார்த்தார். பிறகு என்னையே அவருக்கு ஆசிரியராகப் போட்டார். வேறு ஆசிரியர் இல்லை.

ஜூன் 9, திங்கள்

முதல் வகுப்பு. மாமியார் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

ஓட்டப் பழக வந்தவர் முன்னால் உட்கார வேண்டும் என்று கார்க் கண்ணாடியிடம் சொன்னேன். யோசித்தார். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில், ஒரு முழ தூரத்தில். இறங்கி முன்னால் வந்தார். நடுவில் தன் கைப்பையை நிற்க வைத்தார். கியர் போட முடியவில்லை. பையை மடியில் வைத்தார். ஸ்டியரிங்கைத் திருப்ப முடியவில்லை. கடைசியில் பையை நான் வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆறு கிலோமீட்டர். உள்ளே ஏதோ பாத்திரம் இருந்தது. சூடாக இருந்தது. இறங்கும்போது ஸ்டியரிங்கிடம், "மாப்பிள்ளைக்குப் பருப்புஞ்சோறு இருக்குது" என்றார்.

கோபம்: 0. சாப்பிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

ஓனரின் டாக்டர் இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்கிறார். பதினேழுக்குள் ரோட்டில் எருமை வந்துவிடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்து கோபப்படுகிறவர்களுக்கான வைத்தியம் அது.

ஓனர் வேறு வழி சொன்னார். வாயில் ஒரு முழு நெல்லிக்காயை அடக்கிக்கொள்வது. பெரிய நெல்லி. கத்த முடியாது. ஒரு கிலோ வாங்கி டேஷ்போர்டில் போட்டார்.

மாமியார் மூன்றாவது கியரில் திருப்பத்துக்குள் போகிறார். கிளட்சை மிதிக்காமல் கியர் மாற்றுகிறார். வண்டி அலறுகிறது. வண்டிக்குக் கத்த உரிமை இருக்கிறது.

"இப்ப மாப்பிள்ளை கிளட்ச மிதிக்கச் சொல்றாரா, பிரேக்க மிதிக்கச் சொல்றாரா?" என்று ஸ்பீடோமீட்டரிடம் கேட்டார்.

நான் நெல்லிக்காயோடு ஏதோ சொன்னேன். இரண்டையும் மிதித்தார்.

ஜூன் 13, வெள்ளி

கோபம்: 0.

ஜூன் 14, சனி

கோபம்: 0. நெல்லிக்காய்: 6.

ஜூன் 17, செவ்வாய்

"ஸ்கேன் ரிப்போர்ட் குடுத்து விடுங்க. அடுத்த வாரம் டாக்டரம்மா கேப்பாங்க."

இது நான்காவது செய்தி. ஒவ்வொரு முறையும் உறையை எடுத்து மேசையில் வைக்கிறேன். ஒவ்வொரு முறையும் மறந்துவிடுகிறேன். கொடுத்துவிட்டால் அடுத்த செய்தி எதற்காக வரும் என்று யோசிப்பதில்லை. மறதிதான்.

பஸ்ஸில் போகும்போது என் வலது கால் தானாகத் தரையை மிதிக்கிறது. சலூன் நாற்காலியில் மிதிக்கிறது. தூக்கத்திலும் மிதிக்கிறதாம். தாரணி சொல்லியிருக்கிறாள். இப்போது சொல்ல ஆள் இல்லை.

ஜூன் 19, வியாழன்

டிரைவிங் ஸ்கூல் கார்களில் இடப்பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஆசிரியர் காலடியில். ஆபத்துக்கு.

மெக்கானிக் இன்று பிரேக் கட்டையைக் கழற்றிக் காட்டினார். தகடாகத் தேய்ந்திருந்தது. ஆறு மாதம் வர வேண்டியது பத்து நாளில் தீர்ந்துவிட்டதாம். ஓனர் என் நோட்டைக் கேட்டார். பத்து நாளும் "கோபம்: 0" என்று இருந்தது. கட்டையைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார்.

"வாயில இருந்து காலுக்கு எறங்கிருச்சுங்க" என்றார்.

எம்.ஃபில். ஆய்வேட்டில் மனத்துக்கும் உடலுக்கும் உள்ள உறவு பற்றி நூற்று எண்பது பக்கம் எழுதினேன். இந்த வாக்கியம் அதில் இல்லை.

ஜூன் 20, வெள்ளி

மாமியாரும் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்துப் பல நாள் ஆகியிருக்கலாம். மரியாதைக்காகச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

உழவர் சந்தை முன்னால் வண்டி நின்றது. அவர் கால் இன்னும் ஆக்சிலேட்டரில் இருந்தது. பிறகு ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தார்.

"நான் மிதிக்கறதுக்கு முன்னாடியே நின்னுக்குது. இந்த வண்டிக்கு எம்மேல அத்தன மரியாதையா?"

நான் என் காலைப் பார்த்தேன்.

"பிரசவ வலில போகையில இந்த மரியாதைய எங்க போயி வாங்கறது. ஓட்டறது நானா, மாப்பிள்ளையான்னு தெரிஞ்சா தேவலை."

செருப்பைக் கழற்றினேன். காலைத் தூக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இனிமேல் இப்படித்தான் என்று முன் கண்ணாடியிடம் சொன்னேன்.

ஜூன் 21, சனி

காரில் சம்மணமிட்டு, மடியில் கைப்பை வைத்து, ஒரு கன்னம் வீங்கி, நான் ஊரைச் சுற்றி வருகிறேன். பூக்கடைக்காரர் கும்பிட்டார். வேண்டுதல் என்று நினைத்திருப்பார்.

மாமியார் நன்றாகவே ஓட்டுகிறார். பயந்தது நான்தான். ரிவர்ஸ் மட்டும் வரவில்லை. பின்னால் எடுக்க இடப்பக்கம் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இடப்பக்கம் மாப்பிள்ளை இருக்கிறார். மாப்பிள்ளை முகத்துக்கு நேராகத் திரும்பமாட்டார். முன்னால் பார்த்துக்கொண்டே பின்னால் போகிறார்.

இரண்டு பூந்தொட்டிகள். டிரைவிங் ஸ்கூல் வாசலில் இருந்தவை.

கோபம்: 3. வழக்கத்தின் மீது. அவர் மீது இல்லை.

ஜூன் 25, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அலங்கியம் ரோடு. திருப்பம். கயிற்று ஆலைக்காரர்கள் ரோட்டோரம் தேங்காய் மட்டை குவித்திருந்தார்கள். மாமியார் கண்ணாடியில் பின்னால் வந்த பள்ளி வேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குவியலைப் பார்த்தேன். கால் சீட்டின் மேல் இருந்தது. வாயில் நெல்லிக்காய்.

கத்தக் கூடாது. மாமியார். மரியாதையாகச் சொல்ல வேண்டும். வாக்கியத்தை அமைத்தேன். "அத்தை, முன்னால் ஒரு குவியல் தெரிகிறது, கொஞ்சம் கவனித்தால் நன்றாக இருக்கும்." இதுதான் வாக்கியம். "கொஞ்சம்" வரை வந்தபோது நாங்கள் குவியலுக்குள் இருந்தோம்.

யாருக்கும் ஒன்றுமில்லை. கண்ணாடி முழுக்க மட்டை. கார் உள்ளே மாலை மாதிரி இருட்டு. எங்கோ கை பட்டு வைப்பர் ஓடத் தொடங்கியது. ஒரே ஒரு மட்டை நாரை இடமும் வலமும் இழுத்துக்கொண்டிருந்தது. நெல்லிக்காயை விழுங்கியிருந்தேன். கொட்டையோடு.

மாமியார் வைப்பரிடம் பேசினார்.

"கத்தோணும்னா கத்தறதுதான. இதுக்குக் கூடவா வாயத் தெறக்கக் கூடாது."

கத்துவதால்தானே தாரணி போனாள் என்றேன்.

"யாரு சொன்னா? எங்கூட்டுக்காரரும் கத்துவாரு. காட்டுக்கு அந்தப் பக்கம் மாடு மேயறவன் திரும்பிப் பாப்பான். எம்புள்ளைக்குக் கத்தறது ஒண்ணும் புதுசில்ல." வைப்பரை நிறுத்தினார். "வவுத்துப் புள்ளக்காரிய வெயில்ல உட்டுப்போட்டு எறங்கிப் போனதுதான் புதுசு."

மட்டைகளை இறக்கிவிட்டு வெளியே வர அரை மணி நேரம் ஆனது. இருவரும் பேசவில்லை. கயிற்று ஆலைக்காரர்கள் நிறையப் பேசினார்கள்.

ஜூன் 26, வியாழன்

மே 24, சனிக்கிழமை பற்றி.

ஸ்கேன் எடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓனரின் கார். தாரணி பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பகல் பன்னிரண்டரை. வாய்க்கால் பாலம் ஒரு வண்டி மட்டும் போகிற அகலம். நான் முதலில் பாலத்தில் ஏறினேன். எதிரில் ஒரு பால் வேன் ஏறியது. அவன் பின்னால் போக வேண்டும். போகவில்லை. ஹாரன் அடித்தான்.

இறங்கினேன்.

யார் முதலில் ஏறியது என்பது அபிப்பிராயம் இல்லை, உண்மை என்று அவனுக்கு விளக்கினேன். எங்கள் கார் நெற்றியில் எழுதியிருந்த "நிதானம்" என்ற சொல்லை அவன் சத்தமாக எழுத்துக் கூட்டிப் படித்தான். பால் வேனிலிருந்து இன்னொருவன் இறங்கி அவனும் படித்தான். எனக்குப் பின்னால் டவுன் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கினார். பத்துப் பேர் இறங்கினார்கள். இருபத்தைந்து நிமிடம்.

வேன் பின்னால் போனது. நான் ஜெயித்தேன்.

காரில் ஏறி ஓட்டினேன். அவன் சொன்னதையும் நான் சொன்னதையும் தாரணியிடம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் கேட்டதற்கு நான் கொடுத்த பதிலை இரண்டு முறை சொன்னேன். நல்ல பதில். நான் செய்தது சரிதானே என்று கேட்டேன். அவள் பேசவில்லை. பேசாவிட்டால் கோபமா என்று கேட்டேன். பேசவில்லை. "நானே கத்திக் களைச்சுப் போய் வர்றேன், உனக்கு என்ன கோபம்" என்று கத்தினேன்.

நான்கு கிலோமீட்டர் இப்படி வந்தேன்.

திரும்பிப் பார்த்தபோது பின் சீட்டில் ஸ்கேன் ரிப்போர்ட் உறை மட்டும் இருந்தது.

பின்னால் வந்து நின்ற அந்த டவுன் பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். நேராக அம்மா வீட்டுக்கு. மறுநாள் துணி எடுக்க வந்தபோதுதான், உள்ளே இருப்பதற்குப் பழக வேண்டாம் என்ற அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

இதற்கு மதிப்பெண் போடத் தெரியவில்லை.

ஜூன் 27, வெள்ளி

உறையை நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். நாளை மாமியாரிடம் கட்டாயம் கொடுக்க வேண்டும்.

ஜூன் 28, சனி

நோட்டு இல்லை. இதை ஒரு விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

காலையில் வகுப்பு முடிந்ததும், ரிப்போர்ட் டேஷ்போர்டில் இருக்கிறது என்று ஸ்டியரிங்கிடம் சொல்லிவிட்டு நெல்லிக்காய் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது மாமியாரும் இல்லை, நோட்டும் இல்லை. உறையை மட்டும் உருவிக் கையில் கொடுத்திருக்கலாம். தோன்றவில்லை. நெல்லிக்காய் தீர்ந்திருந்தது.

டேஷ்போர்டில் இன்னும் அரைக் கிலோ இருந்ததாக ஓனர் சொல்கிறார். எனக்குத் தெரியாது.

ஜூன் 29, ஞாயிறு

செய்தி இல்லை.

ஜூன் 30, திங்கள்

மாமியார் வந்தார். ஓட்டினார். நோட்டைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஸ்டியரிங்கும் சொல்லவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

நோட்டு வந்துவிட்டது.

மே 24 பற்றி எழுதியிருந்த பக்கத்தின் ஓரத்தில் பச்சை மையில் தாரணியின் கையெழுத்து:

"நாலு கிலோமீட்டர் இல்ல. ஏழு. அரசு ஆஸ்பத்திரி திருப்பம் வரைக்கும் பஸ் உங்களுக்குப் பின்னாலயேதான் வந்துச்சு. அப்பறம் ஓவர்டேக் பண்ணுச்சு. நான் ஜன்னல் சீட்டு. நீங்க கையை ஆட்டி ஆட்டி காலி சீட்டுகூடப் பேசிட்டு இருந்தீங்க. பஸ்ஸே சிரிச்சுது. பக்கத்து சீட்டுல யாரோ ஒரு அம்மா, 'பாவம், யாரு பெத்த புள்ளயோ'ன்னாங்க. நான் தெரியாதுன்னுட்டேன்."

கீழே இன்னொரு வரி: "அந்தப் பதிலு அப்படியொண்ணும் நல்ல பதிலு இல்ல."

கையொப்பம் என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். மாணவர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதியிருக்கிறாள்.

வருவதைப் பற்றி ஒன்றும் இல்லை. எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன். அட்டையையும்.

ஜூலை 3, வியாழன்

அம்மா கூப்பிட்டாள். சமையல்காரருக்குச் சொல்லியாயிற்றாம். தாரணியிடம் போனைக் கொடு என்றாள். குளிக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன். இங்கே இல்லை என்றேன். என்னால் போனாள் என்றேன்.

"அப்ப அந்தப் புள்ள ஒரு மாசமா குளிக்கறப்பவே எனக்குத் தெரியுமுடா" என்றாள்.

ஜூலை 4, வெள்ளி

தாரணியைக் கூப்பிட்டேன். எடுத்தாள். திங்கட்கிழமை டெஸ்ட் என்றேன். "அம்மா பாஸ் பண்ணட்டும். ரோட்டுல கூட்டிட்டு வர ஒரு ஆளாச்சும் வேணுமில்ல" என்றாள்.

வருவேன் என்று அவள் சொல்லவில்லை. கவனித்துத்தான் கேட்டேன். ஆனால் "கூட்டிட்டு வர" என்றாள். போக என்று சொல்லவில்லை.

ஜூலை 7, திங்கள்

டெஸ்ட்.

இன்ஸ்பெக்டர் இடப்பக்கம் ஏறினார். என் இடம். என் பிரேக். என்னைப் பின்னால் உட்காரச் சொன்னார்.

இந்தக் காரின் பின் சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. அங்கே ஸ்டியரிங் இல்லை. பிரேக் இல்லை. இரண்டு பிடரிகள் தெரியும். முன்னால் இருப்பவர்கள் எங்கே நிறுத்துவார்கள், எதற்காக இறங்குவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேறு வேலை கிடையாது.

என் கால் தரையை மிதித்தபடி இருந்தது. ஒன்றும் நிற்கவில்லை.

மாமியார் நன்றாக ஓட்டினார். மேட்டில் நிறுத்தி எடுத்தார். குறுக்கே ஒரு மொபெட்காரன் பாய்ந்தான். நின்றார். போக விட்டார். இன்ஸ்பெக்டரின் கால் அசையவே இல்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார்.

மாமியார் இடப்பக்கம் திரும்பினார். பின் கண்ணாடிக்கு நடுவில் நான் இருந்தேன். சட்டென்று முன்னால் திரும்பிக்கொண்டார். கார் நின்றது. இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார்.

நான் குனிந்தேன். சீட்டுக்குக் கீழே, தலை மறையும் வரை. செருப்பில் ஏதோ சரிசெய்வது மாதிரி. கார் பின்னால் போனது. வளைந்தது. நேரானது. நின்றது. கீழேயிருந்து பார்க்க மிக அழகான ரிவர்ஸ். தரை விரிப்பு மட்டும்தான் தெரிந்தது.

"பின்னாடி ஒருத்தர் இருந்தாரே" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இருக்கறாருங்க. மரியாதை தெரிஞ்ச மாப்பிள்ளை" என்றார் மாமியார். இன்ஸ்பெக்டரைப் பார்த்து, நேராக.

பாஸ்.

ஜூலை 9, புதன்

விருந்துக்கு இன்னும் இரண்டு நாள். தோட்டத்துக்கு பஸ்ஸில் போனேன். மாமனாரின் கார் கழுவி நின்றது. கண்ணாடியில் சந்தனம். பின் சீட்டில் தலையணை வைத்துத் தாரணி உட்கார்ந்திருந்தாள். வயிறு பெரிதாகியிருந்தது. நான் இல்லாதபோது ஆறு வாரம் வளர்ந்திருக்கிறது. "ஏறுங்க" என்றாள். அவ்வளவுதான்.

நான் முன்னால், இடப்பக்கம். மாமியார் ஓட்டினார். இந்தக் காரில் இடப்பக்கம் பிரேக் இல்லை. என் கால் தேடியது. நெல்லிக்காய் கொண்டு வரவில்லை.

வாய்க்கால் பாலம் வந்தது. வேறு வழி கிடையாது.

நாங்கள் முதலில் ஏறினோம். பாதியில் இருந்தபோது எதிரில் ஒரு டிராக்டர் ஏறியது. கரும்பு லோடு. ஹாரன் அடித்தான்.

முதலில் ஏறியது நாங்கள். இது அபிப்பிராயம் இல்லை.

என் கை கதவுப் பிடியில் இருந்தது. எப்போது போனது என்று தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். தாரணி என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லோடு வண்டி பின்னால் போக முடியாது. நாங்கள்தான் போக வேண்டும். ரிவர்ஸ். மாமியார் இடப்பக்கம் திரும்பமாட்டார். இருபுறமும் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். கீழே தண்ணீர்.

"நான் எறங்கறேன்" என்றேன். "சண்டைக்கு இல்ல. பின்னால நின்னு வழி சொல்றதுக்கு."

இறங்கினேன். டிராக்டர் பக்கம் போகவில்லை. அது முன்னால் இருந்தது. காரைச் சுற்றிப் பின்பக்கம் வந்து நின்றேன்.

வரட்டும் என்றேன். கேட்கவில்லை. டிராக்டர் இன்ஜின் சத்தம். கத்தினேன். "வரட்டும், வரட்டும். நேரா வாங்க அத்தை. ஸ்டியரிங்க நேரா வெச்சுக்குங்க. லெஃப்டுல கொஞ்சம் ஒடிங்க. போதும், போதும்." வங்கி அதிகாரி பதிவு செய்த அதே குரல். வாய்க்காலில் துணி துவைத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மாமியார் திரும்பவே இல்லை. என் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்தார்.

திரும்பியது தாரணி. தலையணையைக் கட்டிக்கொண்டு பின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நான் பின்னோக்கி நடந்தேன். அவள் என்னை நோக்கி வந்துகொண்டே இருந்தாள். பாலம் முடியும் வரை. நடுவில் ஒரு முறை நான் செருப்புத் தடுக்கித் தடுமாறினேன். சிரித்தாள்.

டிராக்டர் கடந்தது. "மொதல்லயே எடுத்திருக்கலாமில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கோபம்: 7. எழுதிவைக்கிறேன். பொய் சொல்ல முடியாது, தாரணி படிப்பாள்.

காரில் ஏறினேன். கதவைச் சாத்தினேன். மாமியார் முதல் கியர் போட்டார். அந்த டிராக்டர்காரனைப் பற்றிச் சொல்ல ஒரு பதில் இருந்தது. நல்ல பதில்.

பேசுவதற்கு முன் திரும்பிப் பார்த்தேன்.

இருந்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.